இசக்கி வைத்த பொட்டு

எங்கள் வீட்டில் சாமியாடிய ஆண்கள் நாற்பத்தைந்தைத் தொட்டதில்லை. தாத்தா நாற்பத்தொன்றில் போனார், அப்பா நாற்பத்துநான்கில், அண்ணன் சுயம்புராஜ் நாற்பத்துமூன்றில். வேறு வீடாக இருந்தால் இதைச் சாபம் என்று சொல்லிப் பரிகாரம் தேடியிருப்பார்கள். எங்கள் வீட்டில் இதைப் பெருமை என்றார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காரணம் ஒரு பொட்டு. கண்ணிமையில், மூக்கை ஒட்டிய மூலையில், உளுந்து அளவுக்கு மஞ்சளாக ஒரு தடிப்பு. வலிக்காது, அரிக்காது, கழுவினாலும் போகாது. முப்பது, முப்பத்தைந்து வயதில் எங்கள் குடும்பத்தில் சிலருக்கு மட்டும் வரும். எங்கள் குடும்பக் கோவிலில் இருப்பவள் இசக்கியம்மன். அவளே விரலில் மஞ்சள் தொட்டு வைத்த பொட்டு அது என்று நம்பிக்கை. பொட்டு வந்த ஆண்தான் அடுத்த கோமரத்தாடி. பங்குனிக் கொடைத் திருவிழாவன்று கச்சை கட்டி, சலங்கை கட்டி, பிரம்பு பிடித்து, உச்சிப் பொழுதில் அம்மன் ஏறி ஆட வேண்டியவன் அவன். ஆடியவர்கள் எல்லாம் சீக்கிரம் போனார்கள். அம்மனுக்குப் பிடித்தவனை அம்மன் அழைத்துக்கொள்வாளாம்.

அப்பா கொடை முடிந்த மூன்றாம் நாள் முற்றத்தில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். அண்ணன் இரணியல் ரயில் நிலையத்துப் படியில் விழுந்தான். கையில் மகள் சுபிதாவுக்கு வாங்கிய பள்ளிக்கூடப் பை இருந்தது. அம்மா பகவதியம்மாள் இரண்டு சாவிலும் ஒரே வார்த்தைதான் சொன்னாள். "குடுத்து வச்சவன். அம்மை கையப் பிடிச்சிக் கூட்டிட்டுப் போயிட்டா." நானும் தலையாட்டி அழுதேன், நம்பினேன். இதில் முதல் கோபம் என்மேல்தான்.

என் பெயர் அபிதா. திங்கள்நகரில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். கல்யாணப் பெண்களின் இமைகளில்தான் என் பிழைப்பு. நாற்பத்தொரு வயதில் ஒரு காலை கண்ணாடியில் என் இமையைப் பார்த்தேன். வலது கண்ணில் ஒன்று, இடது கண்ணில் ஒன்று, அதே மஞ்சள். வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவிடம் காட்டினேன். அம்மா கதவைச் சாத்திவிட்டு, "ஏட்டி, பொம்பளைக்கு வந்தா அது கணக்கு இல்ல. யாருட்டயும் காட்டாத, மறைச்சி வை" என்றாள். மறைக்கத்தான் எனக்குத் தெரியுமே. கன்சீலர் தடவி, அதன்மேல் பவுடர் ஒற்றி, மூன்று வருடம் ஒருவர் கண்ணுக்கும் படாமல் வைத்திருந்தேன்.

ஜொஹரா பேகம் கண்ணில் பட்டுவிட்டது. குளச்சல்காரி. குவைத்தில் நர்சாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர், மாதம் ஒருமுறை தலைக்கு மருதாணி போட என்னிடம் வருவார். அன்றைக்கு கரண்ட் இல்லை. மாசி வெயிலில் எனக்கு முகமெல்லாம் வியர்த்துக் கொட்டியது. அவர் என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"மோளே, சாயம் ஒழுகுது. உள்ள என்ன ஒளிச்சி வச்சிருக்க?"

"அது எங்க குடும்பத்துப் பொட்டு சிஸ்டர். அம்மன் வச்சது."

"அம்மனா? இது கொழுப்பாக்கும். இருவத்திரெண்டு வருசம் நெஞ்சு வார்டுல நின்னவ நான், எனக்கு இது தெரியாதா? உங்க அப்பா எத்தன வயசுல போனாரு?"

"நாப்பத்திநாலு."

"கூடப்பொறந்தவங்க?"

"அண்ணன். நாப்பத்திமூணு."

"நெஞ்சா?"

அம்மன் கூப்பிட்டாள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் பார்த்த பார்வையில் வார்த்தையை மாற்றிக்கொண்டேன். "நெஞ்சுதான்" என்றேன்.

எனக்குக் கோபம் வந்தது. நாற்பத்தாறு கிலோ உடம்பு என்னுடையது. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தொந்தி கிடையாது. பொரித்த மீன்கூட விசேஷத்துக்குத்தான். கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

"தின்னு வந்த கொழுப்பு இல்ல மோளே, பெறவியில வந்தது. சில குடும்பத்துல ஈரலுக்கு ரத்தத்துல உள்ள கொழுப்ப அள்ளி மாத்தத் தெரியாது. அது சின்னதுல இருந்தே ரத்தக்கொழாய்ல படிஞ்சிட்டே இருக்கும். மெலிஞ்சவனா தடிச்சவனான்னு அது பாக்காது. கண்ணுல படிஞ்சது வெளிய தெரியுது, நெஞ்சுல படிஞ்சது தெரியல, அவ்வளவுதான். பிள்ளைகள்ல பாதிப் பேருக்கு வரும், பாதிப் பேருக்கு வராது. நீ நாளைக்கே ரத்தம் குடு."

கொடுத்தேன். நூறுக்குள் இருக்க வேண்டிய கெட்ட கொழுப்பு எனக்கு இருநூற்று அறுபத்தெட்டு இருந்தது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பற்றி நினைக்கவில்லை. தம்பியின் கண்தான் கண்ணுக்குள் வந்தது.

தம்பி சிவபிரசாத் கொத்தனார். சுவர்ப் பூச்சில் அவனை அடிக்க இரணியல் பக்கத்தில் ஆள் கிடையாது. அப்போது அவனுக்கு நாற்பத்திரண்டு முடிந்திருந்தது. பொட்டு முந்தின வருடம்தான் வந்தது. அண்ணன் இறந்தபின் ஆள் இல்லாமல் இரண்டு கொடை வெறுமே கழிந்திருந்ததால், கோவில் காரியம் பார்க்கும் ராஜையன் சித்தப்பா அவனைக் கட்டிப்பிடித்து அழுதே விட்டார். சித்தப்பா அப்பாவின் தம்பி. அறுபத்தெட்டு வயது. பொட்டு இல்லை. அதனால்தான் அறுபத்தெட்டிலும் நெய்யப்பத்தைக் கணக்கில்லாமல் உள்ளே தள்ளிக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

தம்பியைத் தனியே பிடித்துக் கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றான். பிறகு, சிமெண்ட் மூட்டையோடு படி ஏறினால் நெஞ்சில் யாரோ முழங்கையை வைத்து அமுக்குவதுபோல் இருக்கிறது, உட்கார்ந்தால் விட்டுவிடுகிறது என்றான். "அம்மை ஏறதுக்கு முன்னால அப்படி இருக்கும்னு சித்தப்பா சொன்னாவ எக்கா."  நெஞ்சுவலியை அம்மன் வரும் அடையாளம் என்று எண்ணிக்கொண்டு ஒருவன் மூட்டை சுமந்துகொண்டிருக்கிறான்.

இழுத்துக்கொண்டு நாகர்கோவில் போனேன். நடக்கவிட்டுப் பார்த்தார்கள். பிறகு கையில் குழாய் விட்டு இதயத்தின் ரத்தக்குழாய்களைப் படமெடுத்தார்கள். முக்கியமான குழாய் ஒன்றில் தொண்ணூறு சதவீதம் அடைப்பு, இன்னொன்றில் எழுபது. டாக்டர் வயதில் சின்னவர், பொறுமைசாலி. தம்பியின் கையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"கொத்தனாரே, சுவரில் ஈரம் இறங்கி ஓதம் ஏறினால் பூச்சு என்ன ஆகும்?"

"உப்பும் சாரே. உப்பி, ஒருநாள் பொட்டுன்னு வெடிச்சி உதுந்திரும்."

"அதேதான். கொழுப்பு குழாய்க்குள்ளே சாக்கடை அழுக்குமாதிரி மிதந்துகொண்டு இல்லை. குழாயின் சுவருக்குள்ளே ஏறியிருக்கிறது. பூச்சு உப்பியிருக்கிறது. அது வெடித்தால் அந்த இடத்தில் ரத்தம் உறைந்து கட்டியாகும். கட்டி வழியை அடைத்தால் அதுதான் மாரடைப்பு. எப்போது வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஓடுவது, குதிப்பது, மூட்டை தூக்குவது எல்லாம் இப்போது ஆபத்து. இன்றைக்கே படுத்துவிடுங்கள். குழாயை விரித்துப் பிடிக்க ஸ்டென்ட் வைத்துவிடலாம்."

தம்பி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே எழுந்தான். "செவ்வாக்கிழமை கொடை சாரே. கழிஞ்சிட்டு வாறேன்."

தன் பொறுப்பில் போவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டான். கொடைக்கு நான்கு நாள் இருந்தது.

அந்த நான்கு நாளும் நான் சண்டைதான் போட்டேன். சித்தப்பாவிடம் போனேன். "மாத்திர தின்னுகவன் மேல அம்மை ஏறமாட்டா, பாத்துக்கோ. கொடை கழியட்டும்" என்றார். அம்மாவிடம் போனேன். தாளைக் காட்டினேன், குழாயின் படத்தைக் காட்டினேன். அவள் படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "அம்மை பாத்துக்கிடுவா" என்றாள். அம்மை இரண்டு பேரைப் பார்த்துக்கொண்ட லட்சணத்தைத்தான் நாம் பார்த்தோமே என்றேன். கையில் இருந்த அகப்பையை என்மேல் வீசினாள்.

கடைசியில் தம்பி வேலை செய்யும் வீட்டுக்கே போனேன். சாரத்தின் கீழே உட்கார்ந்து கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தான். டாக்டர் கொடுத்த மாத்திரை அட்டை சட்டைப் பையில் பிரிக்காமல் கிடந்தது.

"தின்னியாலே?"

"தொடங்கினா ஆயுசுக்கும் தின்னணுமாமே எக்கா."

"ஆயுசு வேணும்னா ஆயுசுக்கும் தின்னணும்."

சிரித்தான். பிறகு சாயா கிளாசைக் கீழே வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினான்.

"எனக்குப் பயம் இல்லன்னு நெனைக்காத. ராத்திரி எடது பக்கம் சரிஞ்சி படுக்கவே பயமா இருக்கு. ஆனா இது வெறும் கொழுப்புன்னு நான் போய்ப் படுத்திட்டா, அண்ணன் செத்தது வெறும் சாவாயிரும் எக்கா. அப்பா செத்ததும் வெறும் சாவு. அம்மை கூட்டிட்டுப் போனான்னு சொல்லித்தான் அம்மா சோறு தின்னுகா. அத நான் எப்படிப் பிடுங்கட்டும்?"

 அவன் ஆட நினைத்தது அம்மனுக்காக இல்லை, எங்கள் அம்மாவுக்காக.

"வெறும் சாவுதாம்லே" என்றேன். "ரெண்டும் வெறும் சாவு. ஒரு மாத்திரையில நின்னிருக்கக்கூடிய சாவு. அதுதான் எனக்குத் தாங்கல. மூணாவது ஒண்ணுக்கு நான் சம்மதிக்க மாட்டேன்."

அவன் மட்டக்கோலை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினான். நான்காவது படியில் நின்று மூச்சு வாங்கினான்.

செவ்வாய்க்கிழமை உச்சிக்கொடை. காலையிலேயே கோவில் முற்றம் நிறைந்துவிட்டது. வில்லுப்பாட்டு முடிந்து மேளம் தொடங்கியிருந்தது. நான் வழக்கம்போல முகத்துக்குப் பூசிக்கொண்டுதான் போனேன். மூன்று வருடப் பழக்கம். ஜொஹரா சிஸ்டரிடம் முந்தின நாளே பேசியிருந்தேன். அவர் தன் காரோடு சாலையில் நின்றார். ஆஸ்பத்திரியிலும் சொல்லி வைத்திருந்தார். தம்பியை எப்படி அந்தக் காரில் ஏற்றுவது என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை.

கோவில் நடைக்கு முன்னால் ஒரு பலிக்கல் இருக்கிறது. கொடையன்று அதைத் தாண்டிப் பெண்கள் போகக் கூடாது. கல்லுக்கு அந்தப்பக்கம் தம்பி நின்றான். சிவப்புக் கச்சை கட்டியாயிற்று. சலங்கையைக் கோமரத்தாடியின் தாய்தான் கட்டவேண்டும், அதற்காகக் கல்லைத் தாண்ட அவளுக்கு மட்டும் அனுமதி. பாட்டி இல்லாததால் அப்பாவுக்குக் கட்டியவளும் அம்மாதான், அண்ணனுக்குக் கட்டியவளும் அவள்தான். அன்றைக்குத் தம்பியின் காலடியில் குந்தியிருந்து மூன்றாவது ஆளுக்குக் கட்டினாள். சித்தப்பா அவன் தலையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார். மேளம் ஏறியது. தம்பி ஒரு சுற்று சுற்றினான், இரண்டாவது சுற்றில் கால் பின்னியது. இடது கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று. உதடு வெளுத்திருந்தது.

"அம்மை வாறா! அம்மை வாறா!" என்று கூட்டம் குலவையிட்டது.

நான் கல்லைத் தாண்டினேன்.

யோசித்துச் செய்யவில்லை. கால் போயிற்று, நான் பின்னால் போனேன். மேளக்காரர்கள் என்னைப் பார்த்ததும் கையை நிறுத்திவிட்டார்கள். 

"ஏட்டி!" என்றார் சித்தப்பா. "பொம்பள ஏறக்கூடிய எடமாட்டி இது?"

மஞ்சள் தண்ணீர்க் குடம் பக்கத்தில் இருந்தது. இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் அடித்தேன். முந்தானையால் இமையை அழுத்தித் துடைத்தேன். என் தொழில் அவ்வளவும் சேலையில் வந்துவிட்டது. கூட்டத்தின் பக்கம் திரும்பினேன்.

"பாருங்க. பொட்டு உள்ளவங்கதான் ஆடணும்னா எனக்கும் உண்டு. அவனுக்கு ஒரு கண்ணுலதான். எனக்கு ரெண்டு கண்ணுலயும் உண்டு."

சித்தப்பா என் இமையைக் குனிந்து பார்த்தார். பிறகு, "பொம்பளைக்கு வந்தா கணக்கு இல்ல" என்றார்.

"யாரு கணக்கு சித்தப்பா? உள்ள இருக்கது ஆம்பளையா?"

பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு பட்டதும் கூட்டத்திலிருந்து பூங்கனி எழுந்தாள். எங்கள் அத்தை மகள், தக்கலையில் டீச்சர். அத்தை ஐம்பது வயதில் இறந்தபோது தன் அண்ணனான எங்கள் அப்பாவைப் பறிகொடுத்த ஏக்கத்தில் போனாள் என்று சொன்னார்கள். பூங்கனி கல்லைத் தாண்டாமல் நின்றபடியே மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். கண்ணாடிச் சட்டத்தின் கீழே, மூக்கை ஒட்டி, அதே மஞ்சள். "எங்க அம்மைக்கும் இருந்துது" என்றாள். "பவுடர் போட்டு மறைப்பா."

நான் தம்பியிடம் போய்க் கையை நீட்டினேன். "பிரம்பத் தா."

தந்துவிட்டான். அவன் விரல் ஐஸாக இருந்தது. பிரம்பு என் கைக்கு வந்ததும் முன்வரிசையில் இருந்தவர்கள் சடசடவென்று எழுந்து கைகூப்பினார்கள். "அம்மை பெண்ணு மேல வந்திருக்கா!" என்று ஒருவர் கத்தினார். எனக்குள்ளே ஒரு ஆசை வந்தது என்பதை மறைக்கமாட்டேன். உடம்பை ஒரு உலுக்கு உலுக்கி, தலையை விரித்துப்போட்டு, இவனைக் காரில் ஏற்றுங்கள் என்று ஒரு கத்துக் கத்தினால் போதும். சித்தப்பாவே தூக்கிக்கொண்டு ஓடுவார். ஆனால் மூன்று ஆளைத் தின்ற பொய்க்கு நானும் ஒரு வாய் ஊட்ட வேண்டுமா?

"எனக்கு ஒண்ணும் ஏறல" என்றேன். "நான் அபிதாதான். பார்லர் அபிதா. இது அம்மை வச்ச பொட்டு இல்ல, ரத்தத்துல கூடிப்போன கொழுப்பு. எங்க தாத்தாவக் கொன்னது இதுதான், எங்க அப்பாவையும் அண்ணனையும் கொன்னதும் இதுதான். இவனுக்கு நெஞ்சுல குழாய் தொண்ணூறு சதவீதம் அடைஞ்சி கெடக்கு. இன்னொரு சுத்து சுத்தினா இங்கயே விழுந்திருவான். பின்ன நீங்க அம்மை கூட்டிட்டுப் போனான்னு சொல்லுவீங்க. இந்தத் தடவ நான் சொல்ல விடமாட்டேன்."

 அம்மா மட்டும் எழுந்தாள். கோமரத்தாடியிடம் வாக்குக் கேட்க வருகிறவர்கள் வருவதுபோல, இரண்டு கையையும் குவித்து நீட்டிக்கொண்டு என் முன்னால் வந்தாள். நான் சொன்னது காதில் விழுந்ததா இல்லையா என்று தெரியவில்லை.

"எம்பிள்ள இருப்பானா?" என்று கேட்டாள்.

அப்பா ஆடியபோதும் அண்ணன் ஆடியபோதும் அவள் இதையே கேட்டிருப்பாள். இருப்பான் என்று வாக்கு வந்திருக்கும்.

"தெரியாதும்மா" என்றேன்.  "வண்டியில ஏறினா இருக்க வழி உண்டு. ஆடினா இல்ல. எனக்கு அவ்வளவுதான் தெரியும்."

அம்மா என் முகத்தையே பார்த்தாள். ஈரக் கையால் என் இமையைத் தொட்டாள், முதலில் வலது, பிறகு இடது. பிறகு அப்படியே தம்பியின் காலடியில் உட்கார்ந்து சலங்கையை அவிழ்க்கத் தொடங்கினாள். மஞ்சள் தண்ணீரில் நனைந்து முடிச்சு இறுகியிருந்தது. விரலுக்கு வரவில்லை. குனிந்து பல்லால் கடித்து இழுத்தாள்.

"மைனி!" என்று சித்தப்பா பதறினார். "இடையில அவுத்தா அம்மை கோவிப்பா!"

அம்மா முடிச்சைத் துப்பிவிட்டு நிமிர்ந்தாள்.

"கோவிச்சா என்னட்ட வரச் சொல்லும். ரெண்டு பேரக் குடுத்திருக்கேன் நான்."

 மேளக்காரர் ஒருவரும் நானும் ஆளுக்கொரு தோளைப் பிடித்துத் தம்பியைச் சாலைக்குக் கொண்டுபோனோம். கச்சையோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போனான். அன்றைக்கே இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னும் ஒருநாள் தாமதித்திருந்தால் என்று டாக்டர் தொடங்கியதை, தயவுசெய்து முடிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரம் குடும்பத்தில் பதினொரு பேருக்கு ரத்தம் எடுத்தோம். அண்ணன் மகள் சுபிதா உட்பட ஐந்து பேருக்கு இருந்தது. அவளுக்குப் பன்னிரண்டு வயதுதான், இமை சுத்தமாக இருந்தது, ரத்தம் அப்படி இல்லை. இப்போதே தெரிந்தது நல்லது என்று டாக்டர் மாத்திரை தொடங்கினார். சித்தப்பாவும் வந்து கையை நீட்டினார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்தபோது அவர் முகம் கொஞ்சம் வாடியதை நான் பார்த்தேன். கொடை வருடாவருடம் நடக்கிறது. ஆட ஆள் இல்லை. அம்மன் கோபித்துக்கொண்டதாக ஒரு தகவலும் இல்லை.

இதெல்லாம் நடந்து மூன்று வருடம் ஆகிறது. போன மாதம் தம்பிக்கு நாற்பத்தைந்து நிறைந்தது. காலையில் மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, அப்பா படமும் அண்ணன் படமும் மாட்டியிருக்கும் சுவரின் முன்னால் போய் நின்றான். வெகுநேரம் நின்றான். சுவரில் ஓதம் பார்க்கிறானோ என்றுகூட நினைத்தேன்.

"எக்கா" என்றான் திரும்பாமல். "இப்ப நான் அண்ணனுக்கு அண்ணன். அப்பாவுக்கும் மூத்தவன்."

அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அப்போ வந்து மூத்தவனா லெட்சணமா சோறு தின்னுல" என்றாள்.  மூன்று பேரும் அழுதுகொண்டேதான் அன்றைக்குச் சாப்பிட்டோம்.